எம்ஷர்: தரைக்கடியில் மீண்ட ஆறு

(அறக்கட்டளைச் சொற்பொழிவொன்றின் திருத்திய எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களும் இறுதியில் நடந்த கேள்வி-பதிலும் நீக்கப்பட்டுள்ளன.)



ஆறுகளின் மீட்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டவர்கள், எந்த ஆறு என்பதை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். கூவத்தையோ அடையாற்றையோ எதிர்பார்த்து வந்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஜெர்மனியின் மேற்கே ஓடும் எம்ஷர். ரைனின் துணையாறு, நீளம் ஏறத்தாழ 83 கிலோமீட்டர். டார்ட்மண்டுக்குக் கிழக்கே ஹோல்ஸ்விக்கெட என்ற ஊரில் ஒரு பழைய பண்ணைவீட்டுக் குளத்தில் ஊற்றெடுக்கிறது. கெல்சன்கிர்ஷன், எஸ்ஸன், போட்ராப், ஓபர்ஹவுசன் என்று தொழில் நகரங்களைத் தொட்டுக்கொண்டே போய் டின்ஸ்லாக்கன் அருகே ரைனில் கலக்கிறது. உலகப் படத்தில் தேடினால் அகப்படாது. கால்பந்து பார்க்கும் மாணவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: டார்ட்மண்ட், ஷால்கெ என்ற இரண்டு பரம வைரி அணிகளும் இந்த ஒரே ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்காரர்கள்தான்.

தேம்ஸும் ரைனும் மீண்ட கதைகள் நமக்கு ஓரளவு தெரியும். அவை பெரிய ஆறுகள். எதனால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். எம்ஷர் சிறியது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 865 சதுர கிலோமீட்டர். அதற்குள் இருபது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். அதை யார் கெடுத்தார்கள், எந்தச் சட்டத்தின்கீழ் கெடுத்தார்கள், எந்த ஆண்டு மனம் மாறினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. ஆய்வு மாணவருக்கு இதைவிட நல்ல ஆறு கிடைக்காது.

மீட்கப்பட்ட ஓர் ஆற்றைப் பார்க்கப் போகிறவர்கள் கரையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். புல், மரம், சைக்கிள் பாதை, மீன்கொத்தி. பிறகு அந்தக் கரையைப் போலவே இங்கும் ஒன்று கட்டலாம் என்று திட்ட அறிக்கை எழுதுகிறார்கள். எம்ஷரை முன்வைத்து நான் சொல்லவருவது இதுதான்: அந்தக் கரையில் என்ன இருக்கலாம், எப்போது இருக்கலாம் என்பதைத் தரைக்கடியில் உள்ளவை தீர்மானித்தன. நிலக்கரி, குழாய், நீரிறைக்கும் எந்திரம், இவற்றுக்குப் பணம் கட்டும் ஏற்பாடு. கீழே இருப்பதை விட்டுவிட்டு மேலே தெரிவதை மட்டும் படியெடுத்தால் பூங்கா கிடைக்கும், ஆறு கிடைக்காது. இதை ஏழு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. கெடுத்தது ஒரு தீர்மானம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எம்ஷர் அவசரமில்லாத ஆறு. சரிவு மிகக் குறைவு. வளைந்து வளைந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிற்று. இருபுறமும் சதுப்பு, புதர்க்காடு. அந்தச் சதுப்பில் காட்டுக் குதிரைகள் திரிந்தன. அவற்றைப் பிடித்து விற்ற கிராங்கெ என்ற ஊரின் குதிரைச் சந்தைதான் இன்று ஹெர்ன நகரில் ஆண்டுதோறும் நடக்கும் மாபெரும் திருவிழா. குதிரைகள் போய்விட்டன, ராட்டினங்கள் சுற்றுகின்றன.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆழச் சுரங்கங்கள் எம்ஷர் பகுதிக்கு வந்தன. கிராமங்கள் ஓரிரு தலைமுறைக்குள் நகரங்களாயின. சுரங்கத்திலிருந்து இறைத்த நீரும் வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஒரே ஆற்றில் விழுந்தன. ஏற்கெனவே மெதுவாக ஓடிய ஆறு, கீழே நிலக்கரி எடுக்கப்பட்டுத் தரை இறங்கியதால் பல இடங்களில் ஓட்டமே இல்லாமல் தேங்கியது. மழை வந்தால் அந்த நீர் தெருவுக்கும் வீட்டுக்கும் வந்தது. டைபாய்டும் காலராவும் கூடவே வந்தன.

1899 டிசம்பர் 14 அன்று போஹும் நகரில் சுரங்கக் கம்பெனிகளும் ஆலைகளும் நகராட்சிகளும் கூடி எம்ஷர் கூட்டமைப்பை நிறுவின. 1904இல் பிரஷ்ய அரசு அதற்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றியது. ஆறுகளுக்கிடையே வேலைப் பிரிவினை செய்தார்கள். தெற்கே இணையாக ஓடும் ரூர் ஆறு குடிநீருக்கு, எம்ஷர் கழிவுக்கு. எம்ஷரும் அதன் ஓடைகளும் நேராக வெட்டப்பட்டன. அடியில் கான்கிரீட் பலகைகள் பதித்து, இருபுறமும் கரை உயர்த்தி, வேலி போட்டார்கள். தரை இறங்க இறங்க ஆற்றின் வாய் உயரமாகிக்கொண்டே போனதால் 1910இல் ஒருமுறை, 1949இல் இன்னொருமுறை ஆறு ரைனில் சேரும் இடத்தையே வடக்கே நகர்த்தினார்கள்.

இதை மக்களுக்கெதிரான சதி என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். தேங்கி நின்ற கழிவை ஓடவைத்ததே அன்று பொதுச் சுகாதாரத்துக்குப் பெரிய லாபம். அறிவும் அக்கறையும் இல்லாதவர்கள் செய்த வேலையும் இல்லை அது. நம் பொறியியல் மாணவர்கள் பாடத்தில் படிக்கும் இம்ஹாஃப் தொட்டி இந்தக் கூட்டமைப்பில் வேலை பார்த்த கார்ல் இம்ஹாஃப் உருவாக்கியது. 1906இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் அதற்கு எம்ஷர் கிணறு என்றே பெயர். உலகத்தின் கழிவுநீரைத் தெளியவைத்த ஒரு கண்டுபிடிப்பு, தன் சொந்த ஆற்றைக் கழிவுக்கு எழுதிக்கொடுத்துவிட்ட அலுவலகத்தில் பிறந்தது.

2. குழாய் புதைக்க முடியாத நிலம்

ஒரு கேள்வி உங்களுக்கு இந்நேரம் எழுந்திருக்கும். லண்டனும் பாரிசும் ஹாம்பர்க்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே பாதாள சாக்கடை கட்டிவிட்டன. ஐரோப்பாவின் பணக்காரத் தொழிற்பகுதி ஏன் 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திறந்த சாக்கடையோடு வாழ்ந்தது?

பாதாள சாக்கடை சரிவை நம்பி ஓடுவது. சரிவு ஒரு குறிப்பிட்ட அளவில், இடைவெளியில்லாமல், பல கிலோமீட்டர் தொடர வேண்டும். எம்ஷர் பகுதியிலோ கீழேயிருந்து நிலக்கரி வெளியே வர வர மேலே தரை இறங்கியது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்கினால்கூடச் சமாளிக்கலாம். ஓரிடத்தில் ஒரு மீட்டர், பக்கத்துத் தெருவில் ஐந்து மீட்டர், இன்னோரிடத்தில் 20 மீட்டருக்கும் மேல். அந்த மண்ணுக்குள் குழாய் புதைத்தால் விரிசல் விடும். சரிவு எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த பழுது வரும். திறந்த கால்வாயாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கான்கிரீட் பலகையைத் தூக்கிச் சரிசெய்யலாம், கரையை உயர்த்தலாம்.

அப்படி உயர்த்தி உயர்த்தி, சில இடங்களில் ஆறு வீடுகளைவிட உயரத்தில் ஓடத் தொடங்கியது. ஆற்றங்கரையில் குடியிருப்பவர் சன்னலைத் திறந்தால் தெரிவது புல் மூடிய ஒரு மதில். ஆறு அந்த மதிலுக்குப் பின்னால், அவருடைய தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். வாடை மட்டும் மதிலைத் தாண்டி வரும். கால்வாயின் சரிந்த சுவரில் வழுக்கி உள்ளே விழுந்தவர்களால் ஏறிவர முடியாது. குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். வேலியில் உயிராபத்து என்ற பலகை தொங்கியது. ஆற்றங்கரையில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ஆறு என்றால் போகக் கூடாத இடம்.

1961இல் தேர்தல் பிரசாரத்தில் ஜெர்மன் அரசியல் தலைவர் வில்லி பிராண்ட், ரூர் பகுதியின் வானம் மறுபடி நீலமாக வேண்டும் என்று பேசினார். காற்று உண்மையிலேயே அடுத்த இருபதாண்டுகளில் தெளிந்தது. புகைபோக்கியில் வடிகட்டி பொருத்த, தரை இறங்குவது ஒரு தடையாக இல்லை. தண்ணீரின் கதை வேறு. 1970களில் செய்ய முடிந்தது ஒன்றுதான்: ரைனில் சேரும் இடத்தில் ஒரு பிரம்மாண்டமான சுத்திகரிப்பு நிலையம் கட்டி, ஆறு முழுவதையும் அதற்குள் விட்டார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடுவது ஊர் வழக்கம். அங்கே ஆறே சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய் வெளியே வந்தது.

பிறகு நிலக்கரி வடக்கே நகர்ந்தது. எம்ஷரை ஒட்டிய சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின; 1980களில் தரை பெரும்பாலும் நிலைகொண்டது. 1991இல் எம்ஷரை மீட்பது என்று கூட்டமைப்பு முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே பணி தொடங்கியது. இந்த வரிசையைக் கவனியுங்கள். சுற்றுச்சூழல் விழிப்புணர்வு வந்தது, ஆறு மீண்டது என்று சிறு நூல்களில் எழுதுகிறார்கள். விழிப்புணர்வு அதற்கு முன்பே நிறைய இருந்தது. காத்திருந்தது மண் நிற்பதற்காக.

3. பணம் கட்டுகிறவர்கள்

மண் நின்றால் மட்டும் போதுமா? நிலக்கரி ஓய்ந்த எத்தனையோ பகுதிகளில் ஆறுகள் அப்படியேதான் கிடக்கின்றன. எம்ஷருக்குக் கூடுதலாகக் கிடைத்தது, அதைக் கெடுத்த அதே கூட்டமைப்பு.

அந்த அமைப்பின் எல்லை ஆற்றின் நீர்ப்பிடிப்பு எல்லை. நகராட்சி எல்லையோ மாவட்ட எல்லையோ அதற்குப் பொருட்டில்லை. ஹோல்ஸ்விக்கெட ஊற்றிலிருந்து ரைன்வரை ஒரே அலுவலகம். உறுப்பினராவது விருப்பத்தைப் பொறுத்ததில்லை; சட்டப்படி கட்டாயம். ஒவ்வொரு நகராட்சியும் சுரங்கமும் ஆலையும் ஆற்றுக்கு எவ்வளவு சுமை தருகிறதோ, அந்தக் கணக்குப்படி ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். அரசு மாறினாலும், இரண்டு உலகப் போர்கள் நடந்தாலும், அந்தப் பேரேடு தொடர்ந்தது.

இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. அதிகம் கட்டுகிறவருக்கு அவையில் அதிக வாக்கு. அதனால்தான் நிலக்கரி செல்வாக்காக இருந்த காலத்தில் ஆறு நிலக்கரியின் வசதிக்கேற்ப நடத்தப்பட்டது. சுரங்கங்கள் மூட மூட நகராட்சிகளின் பங்கு ஏறியது. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவையில் பெரும்பான்மையானபோது முடிவும் மாறியது. மீட்புக்கு மதிப்பிட்ட செலவு முப்பதாண்டுகளில் சுமார் 550 கோடி யூரோ. ஐரோப்பிய முதலீட்டு வங்கி கடன் தந்தது. மாநில அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு பங்கு தந்தன. பெரும்பகுதி உறுப்பினர் கட்டணம். அதாவது ஒவ்வொரு வீட்டின் கழிவுநீர்க் கட்டணச் சீட்டு.

இங்கே நொய்யலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எம்ஷர் பணி தொடங்கிய அதே 1990களின் தொடக்கத்தில்தான் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை கட்டினோம். அது திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. திருப்பூரிலும் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கட்டணக் கணக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஆலைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இடையிலானது. வெள்ளியங்கிரி மலையடிவாரம் முதல் காவிரிவரை நொய்யல் முழுவதற்கும் பொறுப்பேற்று, எல்லாரிடமும் வசூலித்து, எல்லாருக்கும் பதில் சொல்லும் பேரேடு ஒன்று நம்மிடம் இல்லை. நீதிமன்றத்தால் மூட முடியும். ஐம்பது ஆண்டுகளுக்குக் குழாய் பராமரிப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை.

4. முதலில் குழாய், பிறகுதான் ஆறு

திட்டத்தின் வரிசை கண்டிப்பானது. ஓர் ஓடையில் கழிவு விழுவது முழுமையாக நிற்கும்வரை அதன் கான்கிரீட்டில் கைவைப்பதில்லை. நிலத்தடியில் குழாய், அது போய்ச் சேரச் சுத்திகரிப்பு நிலையம், பிறகுதான் மேலே உடைப்பு. டார்ட்மண்டிலும் போட்ராப்பிலும் புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் 1990களில் வந்தன. ஒட்டுமொத்தமாக நானூறு கிலோமீட்டருக்கும் அதிகமான புதிய கழிவுநீர்க் குழாய்கள்.

இவற்றின் முதுகெலும்பு டார்ட்மண்டிலிருந்து டின்ஸ்லாக்கன்வரை ஆற்றை ஒட்டியே போகும் 51 கிலோமீட்டர் பெருங்குழாய். உள்விட்டம் சில இடங்களில் 2.8 மீட்டர், ஒருவர் நிமிர்ந்து நடக்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சரிவு. கேட்கச் சின்ன எண். ஆனால் மேலே தரை அவ்வளவு சரியவில்லை. ஆகவே குழாய் மேற்கே போகப் போக மண்ணுக்குள் ஆழ்ந்துகொண்டே போகிறது. கடைசியில் 40 மீட்டர் ஆழம்வரை. அதனால் கெல்சன்கிர்ஷன், போட்ராப், ஓபர்ஹவுசன் ஆகிய மூன்று இடங்களில் நீரேற்று நிலையங்கள் அமைத்துக் கழிவை மேலே தூக்கி, மறுபடி சரியவிடுகிறார்கள். 2018இல் இந்தக் குழாயின் முதற்கட்டம் செயல்படத் தொடங்கியது; ஓபர்ஹவுசன் நிலையம் 2021இல் ஓடத் தொடங்கியதும், அந்த ஆண்டின் இறுதியில் எம்ஷரில் கழிவுநீர் விழுவது நின்றது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து.

குழாயை எப்போதும் காலி செய்ய முடியாது என்பதால் உள்ளே மனிதர் இறங்கிப் பார்ப்பதற்குப் பதில் ரோபோக்களை வடிவமைத்தார்கள். நம் ஊரில் ஆட்களை மலக்குழிக்குள் இறக்கிக் கொன்றுகொண்டிருக்கும் செய்தி இன்னும் வருகிறது. எம்ஷரைப் பார்க்கப் போகும் அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள், சைக்கிள் பாதையைப் படம் எடுப்பதற்கு முன் அந்த ரோபோவைப் படம் எடுங்கள்.

5. நீர் தெளிவதற்கு முன்பே வந்த மக்கள்

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால், பொழுதுபோக்கும் பூங்காவும் எல்லாம் முடிந்தபின் வந்த பரிசு என்று தோன்றும். வரிசை அப்படி இல்லை. குழாய் வேலை தொடங்குவதற்கும் முன்னாலேயே மக்களை அந்தப் பள்ளத்தாக்குக்கு அழைத்துவிட்டார்கள். இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். சற்று நின்று சொல்கிறேன்.

1989 முதல் 1999 வரை நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநில அரசு எம்ஷர் பார்க் என்ற பெயரில் சர்வதேசக் கட்டடக்கலைக் கண்காட்சியை நடத்தியது. தலைமை தாங்கியவர் கார்ல் கான்சர். கண்காட்சி என்றால் கொட்டகை போட்டு மாதிரிகளை அடுக்குவது என்று நினைக்க வேண்டாம். பத்தாண்டு, பதினேழு நகரங்கள், மூடிய ஆலைகளும் சுரங்கங்களும் கழிவு மேடுகளுமே காட்சிப்பொருள். அவற்றை இடிக்காமல் வைத்து என்ன செய்யலாம் என்பதே போட்டி.

டூயிஸ்பர்க்கின் மைடரிஷ் இரும்பாலை 1985இல் மூடியது. நிலக்காட்சிக் கட்டடக்கலைஞர் பீட்டர் லாட்ஸ் அதை அப்படியே வைத்துப் பூங்காவாக்கினார், 1994இல் திறந்தார்கள். ஊதுலையின் உச்சிக்கு மக்கள் படியேறிப் போய் ஊரைப் பார்க்கிறார்கள். தாதுக் கிடங்கின் சுவர்களில் மலையேற்றச் சங்கத்தார் பழகுகிறார்கள். வாயுக் கலனில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்புப் பயிற்சி நடக்கிறது. வளாகத்தின் நடுவே பழைய எம்ஷரின் ஒரு துண்டு ஓடுகிறது. கழிவு அதன் அடியில் குழாயில் போகிறது. மேலே ஓடுவது பூங்காவின் கூரைகளிலும் தளங்களிலும் விழுந்த மழைநீர். நான் சொல்லவரும் வாதத்தின் குறுக்குவெட்டுப் படம் அந்த ஒரே வாய்க்காலில் இருக்கிறது.

ஓபர்ஹவுசனில் 117 மீட்டர் உயர வாயுக் கலன் கண்காட்சிக் கூடமானது. போட்ராப்பில் சுரங்கக் கழிவு மேட்டின் மேல் எஃகுக் குழாய்களால் ஒரு நான்முகக் கோபுரம் எழுந்தது. கெல்சன்கிர்ஷனில் மூடிய நார்ட்ஷ்டெர்ன் சுரங்க வளாகத்தில் 1997இல் தேசியத் தோட்டக் கண்காட்சி நடந்தது. அந்த ஆண்டுகளில் பக்கத்தில் ஓடிய எம்ஷர் நாறிக்கொண்டுதான் இருந்தது.

நாற்றத்தின் நடுவே மக்களை ஏன் கூட்டிவந்தார்கள்? முப்பதாண்டு வேலைக்கு வரியும் கட்டணமும் கட்டப்போகிறவர்கள் அவர்கள். வேலிக்குப் பின்னால் இருக்கும் ஆறு அவர்களுக்கு இல்லாத ஆறு. இல்லாத ஒன்றுக்கு யாரும் முப்பதாண்டு பணம் கட்ட மாட்டார்கள். கரைமேல் இருந்த கூட்டமைப்பின் பராமரிப்புச் சாலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து சைக்கிள் பாதையாக்கியது இதன் தொடர்ச்சிதான். இன்று ஊற்றிலிருந்து ரைன்வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. நான் அதில் ஒரு பகுதியில் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப்பேர் வெள்ளைத்தலையர்கள். தங்கள் சிறுவயதில் அடித்து விரட்டப்பட்ட இடத்தைப் பேரக்குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இருந்தாலும் எம்ஷரில் குளிக்க முடியாது. பெருமழை பெய்தால் கலப்புச் சாக்கடைகளின் உபரி இன்றும் ஆற்றுக்கு வரும், கரையும் செங்குத்து. குளிப்பவர்கள் பக்கத்தில் இணையாக ஓடும் ரைன்-ஹெர்ன கால்வாய்க்குப் போகிறார்கள். ஆற்றைப் பார்க்கலாம், அதன் ஓரமாகப் போகலாம். இறங்கக் கூடாது.

பலன் எல்லாருக்கும் சமமாகவும் போகவில்லை. டார்ட்மண்டின் ஹொய்ர்ட என்ற தொழிலாளர் பகுதியில் உருக்காலை 2001இல் மூடியது. சீனக் கம்பெனி ஒன்று ஆலையைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. காலி நிலத்தைத் தோண்டி 24 ஹெக்டேரில் ஃபீனிக்ஸ் ஏரி அமைத்தார்கள். 2010 அக்டோபரில் நீர் நிரப்பத் தொடங்கி, 2011இல் மக்களுக்குத் திறந்தார்கள். ஆலைக்கடியில் குழாயில் போன எம்ஷர் வெளியே வந்து ஏரிக்குப் பக்கத்தில் தனியாக ஓடுகிறது. அழகான இடம், மறுக்கவில்லை. ஏரியைப் பார்த்த வீடுகளின் விலை பழைய ஹொய்ர்ட மக்கள் கனவிலும் நினைக்காதது. உலையில் வெந்தவர்கள் இரண்டாம் தெருவில் இருக்கிறார்கள். ஏரிக்காற்று வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். நதிக்கரை மேம்பாடு என்ற சொல் அரசாணையில் வரும்போதெல்லாம், கரையில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று முதல் கேள்வி கேட்க வேண்டும். சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் போனவர்கள் இருக்கும் நாட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

6. திரும்பி வந்தவை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கான்கிரீட் எடுத்த ஓடைகளில் பச்சை தானாக வந்தது. திட்டம் முழுவீச்சில் தொடங்கும் முன்பே, 1990 வாக்கில் முதலில் மீட்கப்பட்ட சிற்றோடைகளில் ஒன்றான லெப்கெஸ் மியூலன்பாக்கில் இன்று மரநிழல் நீர் தெரியாத அளவுக்கு அடர்ந்திருக்கிறது. ஊசித்தட்டான்களும் மீன்கொத்தியும் வந்தன. கல்லடியில் ஒட்டிவாழும் குரோப்பெ என்ற கையளவு மீன், கழிவு எட்டாத சில தலையோடைகளில் நூறாண்டு ஒளிந்து பிழைத்திருந்தது தெரியவந்தது. அதைப் பிடித்து மற்ற ஓடைகளில் விட்டார்கள். ரைனிலிருந்து வரும் மீன்களுக்கு வாயிலில் ஆறு மீட்டர் அளவுக்கு ஓர் அருவித் தடுப்பு இருந்தது. 2022இல் ஆற்றின் வாயை மறுபடி வடக்கே நகர்த்தி, தாழ்வான கழிமுகம் ஒன்றை அமைத்து அதை நீக்கினார்கள்.

ஆனால் குதிரை திரிந்த பழைய எம்ஷர் வரவில்லை. வரவும் வராது. இருபுறமும் வீடும் ரயில்பாதையும் எரிவாயுக் குழாயும் இருக்கும் ஊருக்குள் ஆறு தன் விருப்பத்துக்கு வளைய இடமில்லை. பல இடங்களில் உயர்ந்த இரண்டு கரைகளுக்கிடையே சில மீட்டர் நெளியவிட்டதோடு சரி. ஐரோப்பிய நீர்ச் சட்டத்திலேயே எம்ஷர் மனிதரால் பெரிதும் மாற்றப்பட்ட நீர்நிலை என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. இயற்கை நிலையை எட்டுவது அதன் இலக்கே இல்லை; இந்த நிலைமையில் எட்டக்கூடிய நல்ல நிலைதான் இலக்கு. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. டார்ட்மண்டுக்கும் காஸ்ட்ராப்-ரவுக்ஸலுக்கும் நடுவே மட்டும் கொஞ்சம் நிலம் கிடைத்தது. அங்கே கரையைத் திறந்து வெள்ளநீர் பரவ விட்டிருக்கிறார்கள். வெள்ளம் இல்லாத நாளில் அது பறவைகளின் இடம்.

7. நிறுத்த முடியாத இறைப்பு

2018 டிசம்பர் 21 அன்று போட்ராப்பின் புரோஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடியது. ஜெர்மனியின் கடைசி ஆழ நிலக்கரிச் சுரங்கம். கடைசி நிலக்கரிக் கட்டியைக் குடியரசுத் தலைவர் கையில் கொடுத்தார்கள். பாட்டுப் பாடினார்கள், அழுதார்கள். நிலக்கரி முடிந்தது. பள்ளம் முடியவில்லை.

இறங்கிய தரை இறங்கியதுதான். எம்ஷர் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலம், தானாக நீர் வடியாத கிண்ணமாக இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நீரிறைப்பு நிலையங்கள் இரவுபகலாக அந்த நீரைத் தூக்கி, உயரத்தில் ஓடும் ஆற்றில் ஊற்றுகின்றன. நிறுத்தினால் தெருக்கள், வீடுகள், சில நகரங்களின் பெரும்பகுதியே மெல்ல மெல்ல ஏரியாகும். மூடிய சுரங்கங்களின் உள்ளே ஊறும் உப்புநீரையும், அது குடிநீர் மட்டத்தைத் தொடாதபடி இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நெய்வேலியில் சுரங்கம் மூழ்காமலிருக்க நிலத்தடி நீரை இறைப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே சுரங்கம் நடக்கும்போது இறைக்கிறோம். இங்கே சுரங்கம் செத்தபிறகும் இறைக்கிறார்கள். அதிகாரபூர்வமாகவே இதற்கு நித்தியக் கடமைகள் என்று பெயர். செலவுக்காக 2007இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். 2019 முதல் அது ஆண்டுக்கு இருபது கோடி யூரோவுக்கும் மேல் செலவழிக்கிறது. அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றில் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. முடிவில்லாத காலத்துக்கு நீர் இறைப்பதையே நோக்கமாகக் கொண்ட அறக்கட்டளைகள் உலகத்தில் அதிகம் இருக்காது.

இன்னொரு சிக்கல், யாரும் எதிர்பார்த்திராத இடத்திலிருந்து வந்தது. கழிவு நின்ற இடங்களிலெல்லாம் நீர் குறைந்துவிட்டது. சுத்திகரித்த நீர் டார்ட்மண்டுக்குக் கீழே ஆற்றில் விடப்படுகிறது. கோடையில் எம்ஷரில் ஓடுவதில் பெரும்பங்கு அதுதான். சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் எட்டாத சிற்றோடைகள் வெயில் காலத்தில் வறண்டன. மழைநீரோ கூரையிலும் சாலையிலும் விழுந்து நேரே கழிவுக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அத்தனை கோடி செலவழித்துக் கட்டிய குழாய், ஓடைக்குச் சேர வேண்டிய மழையைக் குடித்தது.

2005இல் எம்ஷர் நகரங்களும் மாநில அரசும் கூட்டமைப்பும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பதினைந்து ஆண்டுகளில், சாக்கடையோடு இணைந்த தளப்பரப்பில் 15 சதவீதத்திலிருந்து மழைநீரைப் பிரித்து மண்ணுக்கோ ஓடைக்கோ அனுப்புவது என்பது அதன் சாரம். பள்ளி மைதானத்தின் தார் உடைக்கப்பட்டது. தேவாலய முற்றத்தில் பள்ளம் வெட்டிப் புல் நட்டார்கள். குடியிருப்புகளின் கூரைக் குழாய்கள் தோட்டத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. ஜெர்மன் நகராட்சிகளில் வீட்டுக் கூரையும் முற்றமும் எத்தனை சதுர மீட்டர் சாக்கடையோடு இணைந்திருக்கின்றன என்று அளந்து, மழைநீருக்கும் தனிக் கட்டணம் போடுகிறார்கள். குழாயைத் திருப்பிவிட்டவருக்கு அந்தக் கட்டணம் குறைகிறது. ஆற்றைப் பார்த்தே இராத, கரைக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருப்பவருடைய கட்டணச் சீட்டிலும் எம்ஷர் ஒரு வரியாக வருகிறது. கூட்டமைப்பின் பொறியாளர்கள் இப்போது குழாய் வரைபடத்தோடு கூரை வரைபடத்தையும் மேசைமேல் விரித்துவைத்து வேலை செய்கிறார்கள். பிரிக்க வேண்டிய கூரைகள் அதில் இன்னும் நிறைய இருக்கின்றன.